எசென்குல் ஆன்லைனில் இருக்கிறார்

கம்ப்யூட்டருக்குப் பேய் பிடிக்காது, தூசிதான் பிடிக்கும். நாரின் ஊர்ச் சந்தையில் கடை போட்ட நாளிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், காது கொடுப்பார் இல்லை. "மெலிஸ், இது தானா அணையுது, தானா எரியுது, முல்லாவைக் கூப்பிட்டு ஓதணுமா?" என்று கேட்டுக்கொண்டே தூக்கி வருவார்கள். திறந்து பார்த்தால் விசிறிக்கு மேல் ஒரு பூனைக்குட்டி அளவுக்கு ஆட்டு ரோமம் உட்கார்ந்திருக்கும். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் கம்பளம், எல்லா வீட்டிலும் அடுப்புக்கரி. வேறென்ன சேரும்? ஊதி எடுத்து, "இந்தாங்க உங்க பேய்" என்று கையில் கொடுத்து அனுப்புவேன்.

நான் அப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொண்டு மேலே கேளுங்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஜிப்பார் அண்ணி தன் கம்ப்யூட்டரைப் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் வண்டியில் வைத்து, ரஜாய் போர்த்தி, பனியில் இழுத்துக்கொண்டு வந்தார். சந்தையில் என் கடை என்பது ஒரு இரும்புப் பெட்டகம், சரக்கு ரயிலில் வருவது. உள்ளே ஒரு கரண்ட் அடுப்பு, ஒரு மேசை, நான். கதவைத் திறந்தால் குளிர்தான் முதல் வாடிக்கையாளர்.

"என்ன அண்ணி, பச்சைப் பிள்ளைக்குப் போர்த்தின மாதிரி போர்த்திக் கூட்டிட்டு வர்றீங்க?"

"பச்சைப் பிள்ளையா இருந்தா தட்டினதும் முழிச்சுக்கும், திருகாணி. இது கிழம். காலையில சுவிட்சைப் போட்டுட்டு, மாட்டைக் கறந்து, அடுப்பு மூட்டி, டீயும் குடிச்சுட்டு வந்தாலும் இன்னும் கண்ணைக் கசக்கிக்கிட்டு கிடக்கு."

திருகாணி என்பது நான்தான். எங்கள் பெண்கள் புருஷன் வீட்டு ஆண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், ஆளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். எனக்கு இதுதான் வாய்த்தது. அவர் புருஷன் எசென்குல் எனக்குக் கூடப் பிறந்தவர் இல்லை. சின்ன வயதில் ஒரே தெரு, ஒரே கிளை வம்சம், என்னைவிட மூத்தவர். அதனால் அண்ணன். ஆற்றில் என் காலைப் பிடித்து இழுத்து மூழ்கடித்து விளையாடியதும் அவர்தான், பிறகு தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்ததும் அவர்தான்.

எசென்குல் அண்ணன் ரஷ்யாவின் வடகோடிக்கு, ஒரு தங்கச் சுரங்கத்துக்கு லாரி ஓட்டப் போனார். அங்கிருந்து அண்ணிக்கு அவர் கடைசியாக அனுப்பிய செய்தி: "நாளைக்கு ஐஸ் மேல வண்டி ஓட்டணும். முடிச்சிட்டு கூப்பிடறேன்." கூப்பிடவில்லை. கம்பெனியைக் கேட்டால், ஆள் தானாக வேலையை விட்டுப் போய்விட்டார் என்று சொன்னார்கள். உடலும் கிடைக்கவில்லை, ஒரு துண்டுக் காகிதமும் வரவில்லை. இது இரண்டாவது குளிர்காலம்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால் வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் காய்ச்சி ரொட்டி பொரிப்போம். அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் இறந்தவர்கள் வீடு தேடி வருவார்கள். வாசம் இல்லாவிட்டால் பசியோடு பக்கத்து வீட்டு வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போவார்களாம். ஆனால் உயிரோடு இருக்கிற மனிதனுக்காக எண்ணெய் காய்ச்சினால் அவனுக்கு நாமே குழி வெட்டியதாக அர்த்தம். எசென்குலின் கூடப் பிறந்த அண்ணன் ஓமுர்பெக் முதல் குளிர்காலம் முடியும் முன்பே சொல்லிவிட்டார்: "அவன் போயிட்டான். எண்ணெயைக் காய்ச்சு. எத்தனை நாளைக்கு என் தம்பியை அடுத்தவன் வாசல்ல நிக்க வைப்பே?" ஆஷ் என்கிற பெரிய நினைவு விருந்துக்காக அறுப்பதற்கென்று ஒரு பெட்டைக்குதிரையையும் கொழுக்க வைத்திருந்தார்.

ஜிப்பார் அண்ணி மசியவில்லை. "பொணத்தைக் காட்டுங்க, காய்ச்சறேன்" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. உருளைக்கிழங்கைக்கூட அவித்துத்தான் தின்றார்கள். தப்பித் தவறி வாசம் வந்துவிடக்கூடாது என்று அவ்வளவு பயம்.

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். மற்றதெல்லாம் இன்னும் சில வருஷம் ஓடும். பழைய ஹார்ட் டிஸ்க்தான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"இதைத் தூக்கிட்டு எஸ்.எஸ்.டி.ன்னு புது மாதிரி டிஸ்க் போட்டுடலாம் அண்ணி. சுத்தற சாமானே கிடையாது. சத்தமும் இல்ல, சோம்பலும் இல்ல. எல்லாத்தையும் புதுசா ஏத்தித் தர்றேன், குதிரை மாதிரி ஓடும்."

"புதுசா ஏத்தினா, அவரோடது?"

"வேணும்கிற போட்டோவை எல்லாம் எடுத்து வச்சுடறேன்."

"வேணும்கிறது எது, வேணாம்கிறது எதுன்னு நீ யாரு பிரிக்க? எப்படி இருக்கோ அப்படியே வேணும். குப்பை இருந்தா குப்பையோட. அவர் எதை எங்க வச்சுட்டுப் போனாரோ அது அங்கயே இருக்கணும்."

பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற குரல் அது. எதிர்த்துப் பேச யாரால் முடியும்? சரி, பழைய டிஸ்கை அச்சு அசலாகப் புதியதில் படியெடுத்துத் தருகிறேன் என்றேன். பழைய தேநீர்க் கறையைக்கூடத் துடைக்காமல் கோப்பையை இடம் மாற்றுகிற வேலை. எனக்குப் பிடிக்காத வேலை.

படியெடுக்கத் தொடங்கியதும் அந்தப் பழைய டிஸ்க் பல்லில்லாத வாய் எலும்பு மெல்லுகிற மாதிரி சத்தம் போட்டது. ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன், நகரவில்லை. பக்கத்துப் பெட்டகக்காரனோடு வம்பளந்துவிட்டு வந்து பார்த்தேன், நகரவில்லை. போதும் என்று நிறுத்தப் போனேன். பொத்தான் மேல் விரல் வைத்தபோது சத்தம் மாறி, தானாக மேலே ஓடத் தொடங்கியது. ஒரு துணுக்கும் விடுபடாமல் முடிந்தது. பழைய டிஸ்க்குகள் இப்படி விரதம் பிடிப்பதும் விடுவதும் எனக்குப் புதிதில்லை. என்றாலும் அன்று நான் அதனிடம், "சரிப்பா, வந்துட்டியா" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

மறுநாள் அண்ணி வந்தார். சுவிட்சைப் போட்டேன். அவர் கையுறையைக் கழற்றுவதற்குள் திரை முழுசாக வந்து நின்றது. அண்ணி ஓரடி பின்னால் போனார்.

"என்ன அண்ணி, வேகம் எப்படி?"

"இது தூங்கி எழுந்த மாதிரி இல்ல திருகாணி. முழிச்சுக்கிட்டே கண்ணை மூடிப் படுத்திருந்த ஆளு மாதிரி எழுந்திரிக்குது."

சிரித்தேன். ரஜாயைப் போர்த்தி வண்டியில் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

அந்த வாரமே ஒருநாள் முற்பகலில் ஓமுர்பெக் என் கடைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். எங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்தால் முதலில் உடம்பைக் கேட்க வேண்டும், பிறகு பிள்ளைகளை, பிறகு ஆடுமாட்டை. அதெல்லாம் முடிந்த பிறகுதான் வந்த விஷயம். ஓமுர்பெக் எதுவும் கேட்கவில்லை. போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாரு."

"என்ன அண்ணே?"

"கண்ணு அவிஞ்சு போச்சா? பாருடா!"

எல்லோரும் வைத்திருக்கிற மெசெஞ்சர்தான். எசென்குலின் படம், குதிரை மேல் உட்கார்ந்து இளிக்கிற அந்தப் பழைய படம். அதன் மேல் ஒரு பச்சைப் புள்ளி. கீழே, 'ஆன்லைனில் இருக்கிறார்.'

என் போனை எடுத்தேன். எனக்கும் அதே பச்சைப் புள்ளி. இத்தனை மாதமும் நான் அவருக்கு அனுப்பியவை ஒற்றை டிக்கோடு, போய்ச் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தன. இப்போது எல்லாவற்றிலும் இரண்டு டிக். போய்ச் சேர்ந்துவிட்டன. படித்தால் நீலமாக மாறும். மாறவில்லை.

"அண்ணே, எங்க இருக்கீங்க?" என்று தட்டி அனுப்பினேன். நான் விரலை எடுக்கும்போதே இரண்டாவது டிக் விழுந்தது.

நானும் ஓமுர்பெக்கும் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நண்பகல் தொழுகை அழைப்பு கேட்கும் நேரத்தில் அது அணைந்தது. சாயங்காலம் மறுபடி எரிந்தது. மறுநாள் காலையிலும் எரிந்தது.

ஊர் சும்மா இருக்குமா? சந்தையில் கறிக்கடையிலிருந்து மருந்துக்கடை வரைக்கும் இதே பேச்சு. ஆள் உயிரோடுதான் இருக்கிறான், வடக்கே ஒரு மஞ்சள் தலைக்காரியிடம் விழுந்துவிட்டான், செய்தியெல்லாம் போய்ச் சேருகிறது, திறந்து பார்க்க மட்டும் மனசு வரவில்லை. என் மனைவி பெர்மெத் டீ காய்ச்சும் சமோவாரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்:

"உங்க அண்ணன் செத்திருந்தா நல்ல மனுஷன். உயிரோட இருந்தா நாய்."

ஓமுர்பெக் ஆஷ் விருந்தை ரத்து செய்தார். "அவன் நினைவுக்குன்னு வளர்த்த குதிரையை அவன் நெஞ்சு மேல ஏத்தறேன்" என்று கத்திக்கொண்டு திரிந்தார். கத்தும்போதே கண்ணில் தண்ணீர். தம்பி உயிரோடு இருக்கிறான் என்கிற சந்தோஷத்தை அந்த மனிதருக்குத் திட்டாமல் சொல்லத் தெரியாது.

ஜிப்பார் அண்ணியை யாரும் நேருக்கு நேர் பார்க்கக் கூசினார்கள். அவரோ இரண்டு வருஷத்து வயதைக் கழற்றி வைத்த மாதிரி என் கடைக்கு வந்தார். நல்ல சேதி கொண்டுவந்தவருக்குப் பரிசு கொடுப்பது எங்கள் வழக்கம். ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை மேசை மேல் வைத்தார்.

"நான் என்ன சேதி சொன்னேன் அண்ணி?"

"நீ அந்தப் பெட்டியைச் சரி பண்ணின, வீட்டுக்கு அதிர்ஷ்டம் வந்துச்சு. வாங்கிக்கோ. அவருக்குன்னு பின்னினது. அவர் வர்றதுக்குள்ள வேற பின்னிடுவேன்."

"ஊர்ல பேசறது..."

"காதுல விழுது. மஞ்சத்தலையோ செந்தலையோ எவளோ இருக்கட்டும். அவ சமைச்சுப் போடறாளா, அவர் சாப்பிடறாரா? போதும். ஐஸுக்கு அடியில இல்லல்ல?"

அதைச் சொல்லும்போது சிரித்தார். நான் காலுறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

எனக்கு அந்தப் பச்சைப் புள்ளி பிடிக்கவில்லை, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடையில் வேலை செய்துகொண்டே போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அது எரிகிற நேரமெல்லாம் யாரோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மூச்சுவிடாமல் நம்மைப் பார்க்கிற உணர்வு. மனிதன் என்றால் ஒரு முறையாவது தவறிப்போய்த் திறந்து படித்திருக்க மாட்டானா? ஆற்றில் தன் கையால் மூழ்கடித்துத் தன் கையால் தூக்கிய எனக்கு ஒரு வார்த்தை பதில் எழுத மாட்டாரா? இருக்கிறார். ஆனால் எதையும் பார்க்கவில்லை. அது என்ன இருப்பு?

எங்கள் ஊரில் குளிர்காலத்தில் மின்சாரத்தைத் தெருத்தெருவாக நிறுத்துவார்கள். ஒரு சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வெளியே நின்றேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், அண்ணியின் தெருவில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கையில் போன், போனில் பச்சைப் புள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தெரு முழுக்க இருட்டாயிற்று. பச்சைப் புள்ளியும் அணைந்தது.

தற்செயல் என்றுதான் நினைத்தேன். கால் மரத்துப்போகும் வரை அங்கேயே நின்றேன். தெருவுக்கு மின்சாரம் திரும்ப வந்தது. அண்ணி வீட்டு ஜன்னல் வெளிச்சமானது. கொஞ்ச நேரத்தில் எசென்குல் ஆன்லைனுக்கு வந்தார்.

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. அண்ணன் அந்த மெசெஞ்சரைப் போனில் மட்டும் அல்ல, வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போட்டு வைத்திருக்கிறார். சுவிட்சைப் போட்டால் தானாக எழுந்திருக்கிற மாதிரி. பழைய டிஸ்க் இருந்தவரை அதற்கு முறையே வந்ததில்லை. ஒவ்வொன்றாக எழுப்பி, வரிசையில் கடைசியில் நிற்கிற அதனிடம் வருவதற்குள் அண்ணி பிள்ளைகளின் மார்க்கை ஏற்றிவிட்டு, பெட்டியை அணைத்துவிட்டு, மதியப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார். நான் எஸ்.எஸ்.டி. போட்டேன். எல்லாம் நொடியில் எழுந்தன, கடைசியில் நின்றதும் எழுந்தது. திரையின் மூலையில், யார் கண்ணுக்கும் படாமல், அண்ணன் பெயரில் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நாங்கள் அனுப்பியதெல்லாம் வடக்கே எங்கும் போகவில்லை. அண்ணி வீட்டிலேயே, பக்கத்து அறைக்குப் போய்ச் சேர்ந்தது.

பயம் விட்டுப்போனது. அதைவிட மோசமான ஒன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது.

பெர்மெத்திடம் சொன்னேன். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்தாள்.

"வாயைத் திறந்தீங்க, அவ்வளவுதான். அவ சிரிச்சு எத்தனை நாளாச்சு?"

"பொய்யைப் பார்த்துச் சிரிக்கிறா."

"உண்மையைப் பார்த்து யாரு சிரிச்சிருக்கா? மூடிட்டுப் போங்க."

மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். ஆனால் ஓமுர்பெக் குதிரையை விற்றுவிட்டார். விற்று, அண்ணிக்கு வடக்கே போக டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். சனிக்கிழமை பயணம். பிள்ளைகளை ஓமுர்பெக் வீட்டில் விட்டுவிட்டு, விலாசம் இல்லாத ஊரில், எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் உறைகிற குளிரில், ஒரு பச்சைப் புள்ளியைத் தேடி அந்தப் பெண் தனியாகக் கிளம்புகிறார். அந்தப் புள்ளியை ஏற்றி வைத்தவன் நான். வெள்ளிக்கிழமை கடையைத் திறக்காமல் அவர் வீட்டுக்குப் போனேன்.

பிள்ளைகள் ஏற்கெனவே ஓமுர்பெக் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அண்ணி பையைக் கட்டி வாசலருகே வைத்திருந்தார். என்னை உட்கார வைத்து, விரிப்பை விரித்து, ரொட்டியும் வெண்ணெயும் வைத்து, பால் டீ ஊற்றினார். எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லு திருகாணி. பிள்ளை கண்ணாடியை உடைச்சுட்டு வந்து நிக்கிற மாதிரி இருக்கு மூஞ்சி."

சொன்னேன். சுற்றி வளைத்து, தடுமாறி, நடுவில் டீயை மேலே கொட்டிக்கொண்டு, எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் நம்பவில்லை. கோபப்படவும் இல்லை. "உனக்கு அவர் மேல பொறாமை" என்று வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தார், குரல் பாதியில் நின்றது.

பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை, சத்தமில்லாமல் ஓடுவதற்காகத்தானே போட்டது. திரையின் மூலையில் ஒளிந்திருந்த குறியைக் காட்டினேன். அழுத்தினால் ஒரு பட்டியல் விரிந்தது. பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே படிக்காத செய்திகளின் எண்ணிக்கை. ஓமுர்பெக் இருந்தார், நான் இருந்தேன். எல்லோருக்கும் மேலே, எல்லோரையும்விடப் பெரிய எண்ணோடு, 'வீடு' என்று ஒரு பெயர்.

"அது நான்தான்" என்றார் அண்ணி.

அதைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. அது அண்ணனுக்காக எழுதியது. ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். அதுவும் போதாது என்று பெட்டியைத் திறந்து எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி மேசை மேல் வைத்தேன். எனக்கே ஒரு சந்தேகமும் மிச்சம் இருக்கக்கூடாது என்று நினைத்தேன். அண்ணியின் போனில் பச்சைப் புள்ளி அணைந்திருந்தது.

"இப்ப ஏதாவது அனுப்புங்க அண்ணி."

அவர் தட்டினார். "கிளம்பட்டுமா?" அவ்வளவுதான்.

ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. காத்திருந்தோம். அடுப்பில் கரி சரிந்தது. இரண்டாவது விழவில்லை.

"அப்ப நான் இத்தனை நாளா பக்கத்து ரூமுக்கா எழுதிக்கிட்டு இருந்தேன்?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அவர் பாக்கறாரு, திறக்கத்தான் வெக்கப்படறாருன்னு நினைச்சேன் தம்பி. திட்டி எழுதினதையெல்லாம்கூட நிறுத்திட்டேன். பிள்ளைங்க எவ்வளவு வளர்ந்திருக்காங்கன்னு மட்டும் எழுதினேன்."

என்னை அவர் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எழுந்து அடுப்படிக்குப் போனார். பிறகு அலமாரிக்கு மேலிருந்து இரும்புச் சட்டியை இறக்கினார். தூசியைத் துணியால் துடைத்தார்.

"இன்னைக்கு வெள்ளிதானே?"

"அண்ணி, வேணாம். நான் கம்ப்யூட்டரைப் பத்தி மட்டும்தான் சொன்னேன். அண்ணன் எங்கயாவது..."

"ஆமா, எங்கயாவது. எங்கயாவதுன்னு சொல்லிச் சொல்லி அவரைப் பட்டினி போட்டது போதும்."

மாவைப் பிசைந்தார். கை பழக்கத்தில் ஓடியது, முகம் எங்கோ இருந்தது. எண்ணெயை ஊற்றினார். இத்தனை நாள் கழித்து அந்த வீட்டில் எண்ணெய் காய்கிற சத்தம் கேட்டது. முதல் ரொட்டி விழுந்ததும் வாசம் எழும்பியது. எழும்பி, கூரை வரை போய், கதவிடுக்கு வழியாக வெளியே போனது. ஏழு ரொட்டி பொரித்து எடுத்துத் தட்டில் அடுக்கி விரிப்பின் நடுவில் வைத்தார்.

"ஓது."

வீட்டில் ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். மசூதிப் பக்கம் ஒதுங்காத எனக்குச் சின்ன வயதில் மனப்பாடம் செய்த ஒரு சிறிய அத்தியாயம்தான் தெரியும். கைகளை விரித்துத் திக்கித் திக்கி ஓதினேன். முடிவில் அது யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று பெயர் சொல்ல வேண்டும். அண்ணி சொல்ல மாட்டார், சொல்லக் கூடாது. என்னைப் பார்த்தார். நான், "எசென்குல்" என்றேன்.

விரிப்பின் மேல் கிடந்த போனில் வெளிச்சம் வந்தது.

பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. "கிளம்பட்டுமா?" என்பதற்குப் பக்கத்தில் இரண்டு டிக்.

நான் பக்கத்து அறையைத் திரும்பிப் பார்த்தேன். கதவு திறந்துதான் இருந்தது. ஒயர் தரையில் கிடந்தது, எஸ்.எஸ்.டி. மேசை மேல் நான் வைத்த இடத்தில் இருந்தது. எங்கோ வடக்கே அவருடைய பழைய போனை யாரோ எடுத்து உயிர்ப்பித்திருக்கிறார்கள் என்று என் மூளை வேகமாக ஒரு காரணம் தேடிக் கொடுத்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார். அவர் திரையை மேலே தள்ளிக்கொண்டிருந்தார், மேலே, மேலே, முதல் குளிர்காலத்துக்கு.

அங்கே அவருடைய முதல் செய்தி நீலமாக மாறியது. படித்தாயிற்று. கொஞ்சம் பொறுத்து, அடுத்தது. நீளமான செய்தி என்றால் நீளமான நேரம். சின்னது என்றால் சட்டென்று. நான் இந்தத் தொழிலில் முடி நரைத்தவன், சொல்கிறேன்: எந்த மெசெஞ்சரும் அப்படிச் செய்யாது. திறந்தால் எல்லாம் ஒரே அடியாக மாறும். இது, பசித்து வந்த ஒருவர் உட்கார்ந்து, நிதானமாக, ஒன்றுவிடாமல் படிக்கிற வேகத்தில் மாறிக்கொண்டு வந்தது.

டீ ஆறியது. நாங்கள் அசையவில்லை. திட்டி எழுதியவை போயின, கெஞ்சி எழுதியவை போயின, பிள்ளைகளின் உயரமும் விழுந்த பல்லும் போயின. கடைசியில் "கிளம்பட்டுமா?" வந்தது. அதுவும் நீலமானது. பதில் எதுவும் வரவில்லை. எண்ணெய் வாசம் மெதுவாக அடங்கிக்கொண்டிருந்தது. பச்சைப் புள்ளி அணைந்தது.

போன வாரம் இந்த நீலத்தைப் பார்த்திருந்தால் அண்ணி தெருவுக்கு ஓடி ஊரையே கூட்டியிருப்பார். இப்போது போனைக் கவிழ்த்து வைத்தார். தட்டிலிருந்த ரொட்டிகளை ஒரு முறை தொட்டுப் பார்த்தார்.

"வாசத்துக்கு வந்துட்டார் தம்பி" என்றார். "உயிரோட இருக்கறவங்க வாசத்துக்கு வர மாட்டாங்க."

எழுந்து, வாசலருகே இருந்த பையைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தார். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, எங்கள் பெண்கள் புருஷனுக்குப் பாடுகிற ஒப்பாரியை எடுத்தார். இரண்டு குளிர்காலம் அடக்கி வைத்திருந்தது அது. முதல் குரலே தெருக்கோடி வரை போயிருக்கும்.

இழவு வீட்டுக்குள் எங்கள் ஆண்கள் சும்மா வர மாட்டார்கள். வெளியிலிருந்தே உரக்க அழுதுகொண்டு வர வேண்டும். நான் ஏற்கெனவே உள்ளே இருந்தேன், டீ குடித்துவிட்டு. அதனால் எழுந்து காலணியை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். முற்றத்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, தெருப் பனியில் போய் நின்றேன். அழுகை வருமா என்று யோசித்தேன். திரும்பி வீட்டைப் பார்த்ததும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"ஐயோ என் அண்ணனே, இனி உன்னை எங்க பார்ப்பேன்" என்று கத்திக்கொண்டே அந்தக் கேட்டுக்குள் நுழைந்தேன். பின்னால் பக்கத்து வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறப்பது கேட்டது.